முட்டுகிற மாடும் 'பாப்பம்' என்ற சொல்லும்

அப்பாவுக்கு மஞ்சள்காமாலை வந்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கீழாநெல்லியும் மோருமாகக் கட்டிலில் கிடந்த அந்த மாதங்களில், செய்ய வேறு வேலை இல்லாமல், வேதத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் எங்களைப் போன்ற வியாபாரக் குடும்பங்களில், ஞாயிற்றுக்கிழமை போதகர் வாசிக்கிற பகுதியைத் தாண்டி யார் போகிறார்கள்? அப்பா போனார். போனவர், எல்லாரும் பக்கத்தைத் தள்ளிவிட்டு ஓடுகிற பழைய சட்டங்களில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். எதை உண்ணலாம், எதை உடுத்தலாம், அடுத்தவன் கழுதை குழியில் விழுந்தால் யார் பொறுப்பு என்று என்றைக்கோ வனாந்தரத்தில் நடந்த ஜனங்களுக்குச் சொன்னதையெல்லாம், கடமலைக்குண்டில் இலவம்பஞ்சும் புளியும் வாங்கித் தேனிக்கு அனுப்புகிற தனக்கே நேரில் வந்து சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

முதலில் மாட்டியது அவருடைய டெரிகாட்டன் சட்டைகள். இரண்டு வகை நூல் கலந்த துணி ஆகாதாம். எழுபதுகளின் தொடக்கம் அது. டெரிகாட்டன் போட்டவர்தான் பெரிய மனிதர். எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிச் சலவைக்காரருக்குக் கொடுத்துவிட்டு முரட்டுப் பருத்திக்கு மாறினார். என் டெரிகாட்டன் பாவாடையும் போனது. நைலக்ஸ் தாவணி மட்டும் தப்பித்தது, ஏனென்றால் அது கலப்பில்லாத நைலான். அம்மா என்னைப் பார்த்து, "பாத்தியாடி, உன் நைலக்ஸ் பரிசுத்தமாயிருச்சு" என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழும்பியது. இலவங்காய் உலர்த்த ஏறுகிறவர்கள் விழுந்தால் அந்த ரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று எழுதியிருக்கிறதாம். இது ஒன்றாவது உருப்படியான சட்டம் என்று அம்மா ஒத்துக்கொண்டாள். சோளக்காட்டின் ஓரங்களை ஏழைகளுக்கென்று அறுக்காமல் விட்டார். ஏழைகள் வருவதற்கு முன்னால் ஊர் ஆடுகள் வந்துவிட்டன. ஆட்டு ரத்தப் பொரியல் எங்கள் வீட்டில் நின்றே போனது. அதுதான் எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல்.

தேனியிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற போதகர், அதெல்லாம் அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டது, நாம் இப்போது கிருபைக்குள் இருக்கிறோம் என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். எது முடிந்தது என்று அப்பா கேட்டார். களவு செய்யாதே என்பதும் முடிந்ததா, அல்லது நமக்குச் சிரமமானது மட்டும் முடிந்ததா என்றார். போதகர் காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். அப்படித்தான் நாங்களும் இருந்தோம், அந்த மாடு வரும்வரை.

எங்கள் வண்டிக்கு ஒரு ஜோடிக் காளை. இடப்பக்கம் பூட்டுவது இடத்துக்காளை, வலப்பக்கம் பூட்டுவது வலத்துக்காளை. பழைய வலத்துக்காளை கால் ஒடிந்துபோனதால் அப்பா சந்தையில் புதிதாக ஒன்று பிடித்து வந்தார். வெள்ளையும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஒரு நிறம். கொம்பு இரண்டும் அளவெடுத்துச் செய்தது மாதிரி மேலே ஏறி உள்ளே வளைந்திருக்கும். தேனிச் சந்தையில் வண்டியை நிறுத்தினால் நாலு பேர் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. பெருமை கூடாது என்றும் வேதத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டு திறக்காமல் போய்விட்டது.

வந்த கொஞ்ச நாளிலேயே அது புல்லுக்கட்டோடு போன ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டது. முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அடுத்து எங்கள் வண்டிக்காரரின் விலாவில் ஒரு கோடு போட்டது. வண்டிக்காரர் கீழத்தெருவில் இருந்தார். அப்பா வயதுதான் இருக்கும், கல்யாணம் தாமதமாகி அப்போதுதான் ஒரு பெண்குழந்தை. மாடுகளோடு நாள் முழுக்கச் சண்டை போடுவார். ஏலே என்றுதான் கூப்பிடுவார், சொந்தத் தம்பியை அதட்டுவதுபோல. மனிதர்களிடம் ஒரு நாளும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

விலாவில் கோடு விழுந்த அன்று அவர் கிட்டங்கி வாசலில் வந்து நின்றார். நான் அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் வருமா வராதா என்று வீட்டோடு கிடந்த காலம் எனக்கு. அப்பா புளி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, வலத்துக்காளைக்குப் பார்வ சரியில்ல. கொம்ப நுனியில அறுத்துப் பித்தளக் குப்பி மாட்டிருவோம். இல்லாட்டி சந்தைல தள்ளிருவோம்" என்றார் வண்டிக்காரர்.

அப்பா தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாப்பம்" என்றார்.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைவீதிகளில் இது புழங்குகிற மாதிரி எந்தச் சொல்லும் புழங்காது. விலையைக் குறைக்கச் சொன்னால் பாப்பம். கூலி கூட்டிக் கேட்டால் பாப்பம். பெண் கேட்டு வந்தால்கூடப் பாப்பம். முடியும் என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. கேட்டவர் மனசு நோகாமல் திரும்பிப் போவார். சொன்னவர் எதற்கும் கட்டுப்பட மாட்டார். அப்பா ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைச் சொல்வார் என்று அவருக்கே தெரியாது. வண்டிக்காரரும் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

பங்குனி வெயிலில் பஞ்சுச் சீசன் மும்முரமாக இருந்தபோது அது நடந்தது. காலையில் வண்டியில் மூட்டை ஏற்றியாயிற்று. வண்டிக்காரர் இடத்துக்காளையைப் பூட்டிவிட்டு, நுகத்தடியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலத்துக்காளையைக் கூப்பிட்டார். நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது வந்தது, எப்போதும் வருகிற மாதிரியே வந்தது. கடைசியில் தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்து அவரைச் சக்கரத்தோடு வைத்து அழுத்தியது. அவர் கத்தவில்லை. "ஏலே" என்றார். அவ்வளவுதான். பஞ்சு மூட்டை மேலேயே படுக்கவைத்து ஒரு லாரியில் ஏற்றித் தேனிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியில் கண்டமனூர் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

போலீஸ் வந்தது, கேட்டது, போனது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, முதலாளி அந்தக் குடும்பத்துக்கு இன்னது செய்ய வேண்டும் என்று ஒரு வழி பண்ணினார்கள். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஊரைப் பொறுத்தவரை காரியம் அதோடு முடிந்தது. மாடு குத்தி மனிதன் சாவது எங்கள் பக்கம் இடி விழுந்து சாவது மாதிரிதான்.

அப்பா வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு வேதத்தைத் திறந்தார். மாடு முட்டி ஒருவர் செத்தால் அந்த மாட்டைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும், அதன் இறைச்சியைத் தின்னக் கூடாது என்று அதில் இருக்கிறது. மாட்டுக்காரன்மேல் குற்றமில்லை. ஆனால் அந்த மாடு முட்டுகிற மாடு என்று தெரிந்திருந்து, மாட்டுக்காரனிடம் முன்னமே சொல்லியும் இருந்து, அவன் அதைக் கட்டிக் காக்காமல் விட்டிருந்தால், மாட்டோடு அவனும் சாக வேண்டும். இல்லையென்றால், அவன் உயிருக்கு ஈடாக என்ன விதிக்கிறார்களோ அதைக் கொடுத்துத் தன்னை மீட்டுக்கொள்ள வேண்டும்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து கதவருகில் நின்றாள்.

"அவரு எங்கிட்ட சொன்னாரா, சொல்லலயா? நீ அங்கனதான நின்ன" என்றார்.

அம்மா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சொல்லாதே என்று அர்த்தம். நான் அம்மாவைப் பார்த்தேன், அப்பாவைப் பார்த்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னார், அவர் சொல்லிக் கேட்டேன் என்றேன்.

அம்மா விடவில்லை. அவளும் அதே வேதத்தைத்தான் சின்ன வயதிலிருந்து கேட்டவள். "ஒரு சாட்சிய வச்சு யாரையும் சாகடிக்கக் கூடாதுன்னும் அதுலதான் எழுதியிருக்கு. ரெண்டு சாட்சி வேணும். இவ ஒருத்திதான் இருக்கா" என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. நல்லா மடக்கினாள் என்று மனதுக்குள் அவளைக் கட்டிக்கொண்டேன்.

"நானும் கேட்டேனே. நான்தான் ரெண்டாவது சாட்சி" என்றார் அப்பா.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த மனுஷனிடம் யார் பேசுவது?

மறுநாள் கீழத்தெருவுக்குக் கிளம்பினார். அம்மா என்னைக் கூடவே பிடித்துத் தள்ளினாள். செத்தவர் வீட்டு முற்றத்தில் பந்தல்கூட இன்னும் பிரிக்கவில்லை. வண்டிக்காரரின் மனைவி உள்ளே சுவரோரம் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பிக்காரர் வெளியே வந்தார், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் நின்று, தன் வேதத்தில் உள்ளதை ஒன்றுவிடாமல் சொன்னார். மாட்டைச் சனிக்கிழமை காலையில் ஆற்றுக்குள் கட்டிக் கல்லெறிந்து கொல்லப் போவதாகச் சொன்னார். உங்கள் அண்ணன் என்னை எச்சரித்தார், நான் கேட்கவில்லை, ஊர் சொன்னது வேறு, என் வேதம் சொல்வது வேறு, என் உயிர் உங்கள் கையில் இருக்கிறது, அதற்கு ஈடு என்று ஏதாவது விதித்தால் என்ன விதித்தாலும் தருவேன், விதிக்காவிட்டால் உயிரையே எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

தம்பிக்காரர் முதலில் அப்பா குடித்திருக்கிறாரோ என்று பார்த்தார். அப்பா திரும்பவும் சொன்னார். உள்ளே இருந்த அந்த அம்மா தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு அந்த இடத்தில் அப்பாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறவளிடம் போய், இந்தா என் உயிர், என்ன செய்யப்போகிறாய் சொல் என்று இன்னொரு பாரத்தையும் இறக்கிவைத்துவிட்டு வருகிறாரே! நல்லவர்கள் செய்கிற கொடுமை இருக்கிறதே, அதற்கு மருந்தே கிடையாது.

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி டீக்கடைக்குப் போய்விட்டது. அங்கே கேட்கவா வேண்டும்? அண்ணன் உயிருக்கு ஈடாகத் தன் உயிரைத் தருகிறேன் என்று முதலாளியே வாசலில் வந்து நிற்கிறார், நீ இங்கே வந்து டீ ஆறிப்போயிற்று என்கிறாயே என்று தம்பிக்காரரை உசுப்பேற்றியிருக்கிறார்கள். அவர் பாதி டீயோடு எழுந்து போனாராம். அடுத்த நாள் பட்டறையில் அரிவாளுக்குச் சாணை பிடித்தார் என்று சலவைக்காரர் வந்து அம்மா காதில் போட்டார்.

அம்மா அப்பாவிடம், போடியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்று கெஞ்சினாள். அவர் மறுத்துவிட்டார். சரி, மாடு இருந்தால்தானே இத்தனையும் என்று, அவர் ஆற்றுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வலத்துக்காளையை அவிழ்த்து மலைப்பக்கம் விரட்டிவிட்டாள். நானும்தான் கம்பை வைத்துக்கொண்டு கூட ஓடினேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தக் கட்டையில போற மாடு தானாகத் திரும்பி வந்து தொட்டியில் தலையை விட்டுப் பருத்திக்கொட்டை தேடியது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

அப்பா ஆற்றுக்குப் போனது கல் பொறுக்க. பங்குனியில் மூல வைகையில் தண்ணீர் ஏது? உருண்டைக் கல்லாகத் தேடி எடுத்து ஒரு புளியமரத்தடியில் குவித்துவைத்திருந்தார். எல்லாம் கைக்கு அடங்குகிற அளவு. சபையார் எல்லாரும் எறிய வேண்டும் என்பதால் நிறையவே சேர்த்திருந்தார். சபையிலிருந்து ஒருவர்கூட வருவதாகச் சொல்லவில்லை. மாட்டைக் கும்பிடுகிற மற்ற ஊராருக்கோ கேட்டதிலிருந்து நெஞ்சு பதறிக்கொண்டிருந்தது. மாட்டைக் கல்லால் அடித்துக் கொல்வதா, இந்த ஊரிலா என்று சிலர் எங்கள் வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை விடிந்தது. அப்பா குளித்து, வெள்ளைப் பருத்தி வேட்டி உடுத்தி, மாட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். நானும் அம்மாவும் பின்னால் போனோம். முதல் பஸ்ஸில் போதகரும் வந்து சேர்ந்திருந்தார். கரைமேல் ஊர் நின்றது, ஒருவர் கையிலும் கல் இல்லை. அப்பா மாட்டை மரத்தில் கட்டினார். அது மரத்தில் கழுத்தைச் சொரிந்துகொண்டது.

போதகர், வேண்டாம் ஐயா, இது வெறும் வாயில்லாப் பிராணி என்றார். அப்பா குனிந்து ஒரு கல்லை எடுத்தார். எடுத்தவர் மாட்டைப் பார்த்துத் திரும்பவில்லை, என்னைப் பார்த்துத் திரும்பினார். சாட்சி சொன்னவர் கைதான் முதலில் எறிய வேண்டுமாம். அதுவும் அதில் எழுதியிருக்கிறதாம்.

அந்தக் கல்லை என் கையில் வைத்தார். வெயில் ஏறாத நேரம், கல் குளிர்ந்திருந்தது. பெற்ற அப்பா தன் பிள்ளையின் கையில் வைக்கிற பொருளா இது? இன்றைக்கு என்னை மாட்டைக் கொல்லச் சொல்கிறார், அடுத்தது தன்னையா? அதே சாட்சிதானே இரண்டுக்கும்? அப்படி நினைத்ததும் பயமெல்லாம் போய் ஆத்திரம் மட்டும் மிஞ்சியது.

"நான் பாத்தத பாத்தேன்னுதான் சொன்னேன். கொல்றேன்னு சொல்லல" என்று கல்லை அவர் காலடியில் போட்டேன்.

அப்பாவை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது. அவர் குனிந்து அந்தக் கல்லைத் திரும்ப எடுக்கும்போதுதான் கரையில் சலசலப்பு எழுந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. தம்பிக்காரர் இறங்கி வந்தார். அரிவாள் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. மறைக்கக்கூட இல்லை.

அம்மா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். அப்பா அவள் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டு, துண்டை எடுத்துக் கீழே போட்டு மணலில் முழங்கால் போட்டார். கழுத்தைக் குனிந்து கொடுத்தார். போதகர் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். தம்பிக்காரர் அப்பாவுக்கு எதிரே வந்து நின்றார். அவர் கையைப் பார்த்தேன். அரிவாள் முழங்காலுக்கு மேலே ஏறவே இல்லை. அந்த மனிதருக்கு வெட்ட மனசில்லை. ஆனால் ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெட்டாமல் எப்படித் திரும்பிப் போவார்? குனிந்த கழுத்தும் அப்படியே இருந்தது, தொங்கின அரிவாளும் அப்படியே இருந்தது. யாராவது ஒருவர் தும்மினால்கூட ஏதாவது நடந்துவிடும் போலிருந்தது.

"கொழுந்தனாரே, தள்ளுங்க. விதிக்க வேண்டியது நானு" என்று ஒரு குரல் கேட்டது.

வண்டிக்காரரின் மனைவி, இடுப்பில் குழந்தையோடு, மூச்சு வாங்க வந்து நின்றார். தம்பிக்காரர் சட்டென்று ஒதுங்கிக்கொண்டார். எப்போது யார் தள்ளச் சொல்வார்கள் என்று காத்திருந்தவர் மாதிரி இருந்தது. அந்த அம்மா அப்பாவை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

"நான் என்ன விதிச்சாலும் குடுப்பேன்னு சொன்னீகளே, நெசந்தானா?"

"நெசந்தான் ஆத்தா" என்றார் அப்பா, குனிந்தபடியே.

"அப்ப அந்த மாட்டக் குடுங்க. கல்லெறியாம, கொம்ப அறுத்து, உசுரோட குடுங்க. எம் புருசன் போனதுக்கு ஒரு மாட்ட அடிச்சுக் கொன்னாகன்னு எம் புள்ள தலையில அந்தப் பாவமும் ஏற வேண்டாம். வண்டி ஓடுனாத்தான் எங்க வீட்டுல உல கொதிக்கும்."

அப்பா தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் உயிர் பிழைத்த நிம்மதி கொஞ்சம்கூட இல்லை. சட்டம் மாடு சாக வேண்டும் என்கிறது. அதே சட்டம் அவள் விதிப்பதைக் கொடு என்கிறது. இரண்டையும் எழுத்துப்படியே செய்ய வழியில்லை. இத்தனை நாளாக ஒரு வரியும் விடாமல் பிடித்து நடந்த மனிதர், ஒரு வரியை விட்டால்தான் இன்னொரு வரி என்ற இடத்தில் வந்து நின்றார். மாட்டைப் பார்த்தார், கல் குவியலைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். வாய் திறந்தது.

"பாப்பம்" என்றார்.

யோசித்துச் சொன்னதல்ல. எத்தனையோ வருசம் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி நாக்கில் படிந்துபோனது, தானாக வந்து விழுந்துவிட்டது.

அந்த அம்மா அவரையே பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"இதத்தான அவுககிட்டயும் சொன்னீக. விலாவுல மருந்து போடயில வந்து சொன்னாக. மொதலாளி பாப்பம்னாரு, எப்படியும் செஞ்சிருவாருன்னு சொன்னாக."

அப்பா மணலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை, வண்டிக்காரரைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட. அரிவாளுக்கு நீட்டின கழுத்து அது. அந்த ஒரு சொல்லைத் தாங்கவில்லை. வண்டிக்காரர் அவரை நம்பிவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் யாரும் அதை யோசிக்கவே இல்லை. எச்சரித்தாரா இல்லையா, எத்தனை சாட்சி என்றுதான் வீட்டுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் எழுந்து, மரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவரே அவிழ்த்தார். "இந்தா, ஆத்தா. ஒனக்குத்தான்" என்று அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். பட்டறை ஆசாரியை வரவழைத்து அங்கேயே கொம்பு இரண்டையும் நுனியில் அறுத்தார்கள். அப்பா மாட்டின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தம்பிக்காரர் அரிவாளை மணலில் குத்திவைத்துவிட்டு மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். சட்டத்தை மீறிவிட்டதைப் பற்றி அப்பா போதகரிடமும் பேசவில்லை, எங்களிடமும் பேசவில்லை. வேதத்தை வாசிப்பதை விடவில்லை. பருத்திச் சட்டையையும் விடவில்லை. பாப்பம் என்ற சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து நான் மறுபடி கேட்கவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு முடியும் அல்லது முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். வியாபாரிக்கு ஆகாத பழக்கம்தான். நிறையப் பேர் மனம் கோணிக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள்.

அவர் குவித்த கல் ரொம்ப நாள் அந்த மரத்தடியில் கிடந்தது. அதில் சிலதை அம்மா கொண்டுவந்து வெந்நீர் அடுப்புக்குக் கூட்டிவைத்துக்கொண்டாள். மிச்சத்தை ஐப்பசி வெள்ளம் கொண்டுபோயிற்று.

ஊர் விதித்த பணத்தில் வண்டிக்காரர் வீட்டில் வாங்கிய ஒற்றைமாட்டு வண்டியை வலத்துக்காளை பல வருசம் இழுத்தது. தம்பிக்காரர் ஓட்டினார். எங்கள் பஞ்சும் அந்த வண்டியில்தான் தேனிக்குப் போனது. எனக்குப் பயிற்சி முடிந்து, ஆண்டிபட்டிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி, ஒரு லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் அது செத்தது. கிழடுதட்டித் தானாகப் படுத்துவிட்டது. தோலுக்கும் கறிக்கும் ஆள் வந்து கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மா கொடுக்கவில்லை. அன்று கைக்குழந்தையாக இருந்த மகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பி, மாடு போய்விட்டது என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தார்.

அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அறுபது தாண்டிய உடம்பு. நானும் போனேன். தம்பிக்காரர் மண்வெட்டியைக் கேட்டும் கொடுக்காமல், ஆற்றங்கரையில் அவரே நின்று நின்று வெட்டினார். பிறகு எல்லாரும் சேர்ந்து மாட்டை இறக்கி மூடினோம். அதன் இறைச்சியை ஒருவரும் தின்னவில்லை. சட்டத்தில் அந்தப் பாதியையாவது அவர் நிறைவேற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நின்றார். தலை நரைத்துவிட்டது அவருக்கும்.

"ஒங்க சட்டப்படி இப்ப எல்லாம் சரியாப்போச்சா மொதலாளி?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பழைய சொல்லுக்கு ஏற்ற இடம் அது. யாருக்கும் நோகாமல் ஒப்பேற்றியிருக்கலாம்.

"இல்ல, ஆத்தா. சரியாகல" என்றார்.

அந்த அம்மா தலையாட்டினார். செம்பை நீட்டினார். அப்பா வாங்கிக் குடித்தார்.